காய்ச்சலோடு காது அடைத்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள்

ஒரு கிழமையாகக் காய்ச்சலில் கிடந்த ஆளுக்குத் திடீரென்று காது கேட்காமல் போனால், நடை தள்ளாடினால், கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் வேறு ஏதோ கதைத்தால், என்ன நோய் என்று டொக்டர்மார்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, தம்பலகாமம், குச்சவெளி என்று வயலும் பற்றைக்காடும் ஒட்டிக் கிடக்கிற எங்கள் ஊர்களில் இருக்கிறவர்கள் உண்ணிக்காய்ச்சலையும் (ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ்) ஒருதரம் நினைக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். நான் டொக்டர் இல்லை. பெரியப்பாவுக்கு இது வந்தபோது வாட்டில் கூட நின்றேன், அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், விளங்காததை டொக்டர்மாரிடம் கேட்டேன். அவ்வளவுதான்.

பெரியப்பாவின் காணி சம்பூர்ப் பக்கம். 2006 இல் எல்லோரும் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்து, 2015, 2016 இல்தான் அங்கே திரும்பிப் போனார்கள். பத்து வருடம் ஆள் நடமாடாத காணி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிணற்றைத் தேடியே பற்றை வெட்ட வேண்டியிருந்தது. வீடு கட்டின பக்கம் துப்புரவாகிவிட்டது, பின்வளவும் பக்கத்துக் காணியும் இன்னும் பற்றைதான், பக்கத்துக் காணிக்காரர் குடும்பத்தோடு கனடாவில். இந்த முறை தைப்பொங்கல் முடிந்த கையோடு பெரியப்பா பின்வளவில் இறங்கி வெட்டத் தொடங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலில் ஒன்றும் இல்லாமல், களைத்தால் அந்தப் புல்லிலேயே சாய்ந்து படுத்துக்கொண்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மாசி பிறக்கிற நேரம் காய்ச்சல் தொடங்கியது. தலையிடி, உடம்பு உளைவு, குளிர். எங்கள் பக்கம் மாரி முடிகிற காலத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, பிறகு எலிக்காய்ச்சல், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் நினைப்புக்கு வரும். முதலில் காட்டின இடத்தில் இரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்றார்கள், பனடோலும் ஒரு அன்டிபயோட்டிக்கும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மருந்து முடிந்தும் காய்ச்சல் நிற்கவில்லை. அங்கே யாரும் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்கவில்லை, உடுப்பைக் கழற்றிப் பார்க்கவும் இல்லை. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

பிறகு ஒருநாள் பெரியம்மா போன் எடுத்து, "தம்பி, இந்த மனுசன் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுதில்லை, நான் ஒண்டு கேக்க அவர் வேற ஒண்டு சொல்லுறார், புத்தி மாறினமாதிரி இருக்கு" என்று அழுதார். நான் போய்ப் பார்த்தபோது பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலை அகட்டி வைத்து நடந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், என் வாயைப் பார்த்துக்கொண்டே "ஓம் ஓம், நாளைக்குப் போவம்" என்றார். குரல் வழமையைவிடப் பெரிதாக வந்தது. அயலில் ஒருவர் காத்துப் பட்டிருக்கும், நூல் கட்டுங்கள் என்றார். நூல் கட்டுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, பெரியம்மாவுக்கு அது மனத்தெம்பு. ஆனால் அன்றைக்கு ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனதுதான் அவரைக் காப்பாற்றியது.

வாட்டில் மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசியும், வைரசுக்குப் போடுகிற அசிக்ளோவிரும் தொடங்கினார்கள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது பெரியம்மா பயந்து போனார், "அப்படி எடுத்தா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிடும் எண்டு சொல்லுறாங்களே" என்றார். இந்தப் பயம் எங்கள் ஊர்களில் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஊசி குத்துகிற இடம் முண்ணாண் முடிகிற இடத்துக்குக் கீழே. அங்கே தொங்கிக்கொண்டிருப்பது நரம்புக் கற்றைகள்தான், அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். ஒன்றிரண்டு நாள் தலையிடி வரலாம், அந்த இடம் நோகலாம். மூளையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அறிய அதைவிட நேரான வழி கிடையாது. தயவுசெய்து அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீரில் கொஞ்சம் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, பெரும்பாலும் லிம்போசைட், புரதமும் கூடியிருந்தது, சீனி அவ்வளவு குறையவில்லை. உண்ணிக்காய்ச்சல் மூளையைத் தொட்டால் நீர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். வைரஸ் மூளைக்காய்ச்சலிலும் இதே மாதிரி இருக்கும், கசநோய் மூளைக்காய்ச்சலும் சிலவேளை இதற்குக் கிட்ட வரும். ஆகவே அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் முடிவுக்கு வர முடியாது. மற்ற நாடுகளில் சில நோயாளிகள் மாதக்கணக்கான கசநோய் மருந்தில் போடப்பட்டு, பிறகுதான் உண்மை வெளித்திருக்கிறது.

அடுத்த நாள் வாட் ரவுண்டுக்கு வந்த ஒரு டொக்டர் பிள்ளை, வயது இருபத்தேழு இருபத்தெட்டுத்தான் இருக்கும், பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை என்று கண்டதும் கத்திக் கேட்கிறதை விட்டுவிட்டு, ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் "காட்டுக்குள் வேலை செய்தீர்களா?" என்று எழுதிக் காட்டினார். பெரியப்பா வாட்டே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "ஓம் மகள், வளவுப் பத்தை முழுக்க நான்தான் வெட்டினது" என்றார். உடனே திரையை இழுத்துவிட்டு, மிஸ்ஸியையும் (தாதியையும்) கூப்பிட்டு, தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால், கமக்கட்டு, தொடை இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தேடினார்கள். கடைசியில் அரைநாண் கயிற்றை விலக்கினபோது, சாரக்கட்டு இறுகுகிற அதே கோட்டில், இடது பக்கத்தில் இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, ஒரு சென்ரிமீட்டர் அளவு, சுற்றிவரச் சிவந்த வட்டம். நோவு இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் பெரியப்பாவுக்கே அது தெரியாது. அவ்வளவு நாளும் அந்தக் கயிற்றுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

உண்ணிக்காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் வருகிற பொருக்கு அது. டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கை அன்றைக்கே தொடங்கினார்கள். இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விட்டது. உண்ணிக்காய்ச்சலில் அது வழமையாம், சரியான மருந்து போட்டால் 48 மணித்தியாலத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சல் இறங்கும், அப்படி இறங்குவதையே நோயை உறுதிசெய்ய உதவும் ஒரு அடையாளமாகவும் டொக்டர்மார் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி நோயைப் பற்றி. இதைக் கிளப்புகிற பற்றீரியாவின் பெயர் ஓரியென்ஷியா சுட்சுகமுஷி. எங்கள் உடம்பின் கலங்களுக்கு உள்ளே புகுந்து, அங்கே இருந்தபடிதான் இது பெருகும், வெளியே தனியாக வாழ முடியாது. பரப்புவது ஒரு வகைப் பூச்சியின் குஞ்சு. மாட்டில் ஒட்டிக்கொண்டு நாங்கள் பிடுங்கி எடுக்கிற பெரிய உண்ணி இல்லை. இது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு, கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. கடித்தால் நோகாது, குடித்து முடிந்ததும் தானாக விழுந்துவிடும். அதனால் "உடம்பில் உண்ணி ஒன்றும் காணவில்லையே" என்று சொல்லி இந்த நோயைத் தள்ளிவிட முடியாது. தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் பற்றீரியா போகிறது, ஆகவே ஒரு பற்றைத்துண்டில் ஒருமுறை அது குடிகொண்டால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும். எலி திரிகிற, வெட்டி விட்டுத் திரும்ப முளைத்த பற்றைதான் அதற்கு மிகப் பிடித்த இடம். அப்படிப்பட்ட ஒரு பின்வளவில் நோய் இருக்க, பத்து மீற்றர் தள்ளி இருக்கிற முன்வளவில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கைவிடப்பட்டுக் காடாகிப் பிறகு திரும்பக் குடியேறின காணிகளை நினைக்கிறபோது எனக்கு இந்த இடம்தான் உறைக்கிறது. எங்கள் மாவட்டத்தில் எத்தனை ஊர் அப்படி.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று கிழமைக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில், காய்ச்சல் தொடங்கும். பற்றீரியா சிறிய இரத்தக்குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. இரத்தக்குழாய் இல்லாத உறுப்பு இல்லை என்பதால் நுரையீரல், ஈரல், சிறுநீரகம், இதயம், மூளை என்று எங்கேயும் அழற்சி வரலாம். நரம்புக் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டாம் கிழமையில் வெளிப்படும். காய்ச்சல் தொடங்கி முதல் மூன்று நான்கு நாளில் பார்க்கிற டொக்டருக்கு இது ஒரு சாதாரணக் காய்ச்சலாகவே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காது கேட்காமல் போகிறது இந்த நோயில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விசயம் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் படைகளைப் பார்த்த வைத்தியர்களே, இந்தக் காய்ச்சலில் காது மந்தமாவதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் அப்போது எம்பிலிப்பிட்டியப் பக்கம் காட்டுப் பயிற்சிக்குப் போன படையினரிடையே இது பெரிதாகப் பரவியது. அந்த நேரம் இதைக் குணமாக்குகிற மருந்தே இல்லை. 1948 இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க வைத்தியரின் குழு கோலாலம்பூரில் குளோரம்ஃபெனிக்கோல் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுத்துப் பார்த்துத்தான் முதல்முதலாக இதைக் குணப்படுத்த முடியும் என்று தெரிந்தது. மருந்து வந்த பிறகு நோயைப் பற்றின பேச்சும் குறைந்தது, அதோடு காது விசயமும் மறந்து போனது.

அதைத் திரும்ப ஞாபகப்படுத்தினவர்கள் எங்கள் நாட்டவர்கள் என்பதை இங்கே பெருமையோடு சொல்லலாம். ராகமவில் இருக்கிற களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ரஞ்சன் பிரேமரத்னவும் அவரோடு சேர்ந்தவர்களும், காது கேட்காமல் போய் வந்த ஆறு உண்ணிக்காய்ச்சல் நோயாளிகளைப் பற்றி 2006 இல் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்கள். மறக்கப்பட்ட ஒரு சிக்கல் என்றே அதைக் குறிப்பிட்டார்கள். காய்ச்சலோடு சேர்ந்து திடீரென்று காது மந்தமானால் அதை உண்ணிக்காய்ச்சலுக்கான ஒரு தடயமாக எடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது. டெங்குவிலோ சாதாரண வைரஸ் காய்ச்சலிலோ காது இப்படிப் போவது மிக அரிது. ஆகவே வீட்டில் இருக்கிற எங்களுக்கே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு அடையாளம் இது, எந்த மெசினும் தேவையில்லை.

ஏன் காது? செவிக்குப் போகிற எட்டாவது மூளைநரம்புக்கும் உட்செவிக்கும் இரத்தம் கொடுக்கிற குழாய்கள் மிக நுண்ணியவை, அங்கே அழற்சி வந்தால் உடனே தாக்கம் தெரியும் என்பது ஒரு விளக்கம். நரம்பையே உடம்பின் எதிர்ப்புச்சக்தி தாக்குவதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பெரியப்பாவின் தள்ளாட்டத்துக்கும் அந்த நரம்பே காரணமாக இருந்திருக்கலாம், ஏனென்றால் சமநிலையையும் அதே நரம்புதான் காவிப் போகிறது. சிறுமூளை வீங்கினாலும் இப்படி நடை அகலும்.

காதோடு மட்டும் இந்த நோய் நிற்பதில்லை. ஆறாவது நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு கண் வெளிப்பக்கம் திரும்பாது, எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாகத் தெரியும். முகத்தின் ஒரு பக்கம் கோணலாம். வலிப்பு வரலாம். முண்ணாண் வீங்கிக் கால் வலுவிழந்து சலம் போகாமல் நிற்கலாம். எல்லாவற்றிலும் விசித்திரமானது கண் துள்ளுவது. இரண்டு கண்மணியும் சேர்ந்து, ஒரு ஒழுங்கும் இல்லாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக வேகமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும், நோயாளி எவ்வளவு முயன்றாலும் ஒரு இடத்தில் பார்வையை நிறுத்த முடியாது. ஒப்சோகுளோனஸ் என்று அதற்குப் பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்ணிக்காய்ச்சல் நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள், சிலருக்கு அதோடு சேர்ந்து கை கால் வெட்டி வெட்டி இழுப்பதும், பார்க்கின்சன் நோயில் வருகிற மாதிரி உடம்பு விறைத்து அசைவு மந்தமாவதும் வந்திருக்கின்றன. இவற்றைப் பார்க்கிற வீட்டாருக்கு ஆள் இனித் தேறமாட்டார் என்றுதான் தோன்றும், பேய் என்றும் விசர் என்றும் ஊர் சொல்லும். ஆனால் பற்றீரியாவுக்கு மருந்து போட்டால், கிழமைக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ, பெரும்பாலானவர்களுக்கு இது குறைந்துவிடுகிறது. பயப்படுத்த இதை எழுதவில்லை, அந்த நேரத்தில் நம்பிக்கையை விட்டுவிடாமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட விசயம் மருந்துதான். மூளைக்காய்ச்சல் என்றதும் எல்லா இடத்திலும் முதலில் போடுகிற செஃப்ட்ரியாக்சோன், மற்ற பல பற்றீரியாக்களைக் கொன்றுவிடும், அது உயிர்காக்கிற ஊசி, அதைப் போட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வகை மருந்துகள் பற்றீரியாவின் கலச்சுவரைக் குறிவைப்பவை. ஓரியென்ஷியாவின் சுவர் அப்படிப்பட்டது இல்லை, போதாததற்கு அது எங்கள் கலத்துக்குள் ஒளிந்திருக்கிறது. எத்தனை நாள் போட்டாலும் பிரயோசனம் இல்லை. டொக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். டொக்சிசைக்ளின் விலை மிகக் குறைந்த பழைய மருந்து, வளர்ந்தவர்களுக்கு வழமையாக 100 மில்லிகிராம் காலையும் இரவும், ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் கடுமையாகி ஐசியூவுக்குப் போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகப் போட்டால், தனித்தனியாகப் போடுவதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன என்று இந்தியாவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. மருந்து போடாத உண்ணிக்காய்ச்சலில் இறப்பு சராசரியாக நூற்றுக்கு ஆறு பேர் அளவில் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், இடத்துக்கு இடம் இது மிகவும் கூடிக் குறையும். சில ரூபாய்க் குளிசை இருக்கிறபோது அந்த ஆறு பேரும் சாகத் தேவையில்லை.

உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் என்ற இடத்தின் கதையை வாசித்தபோது எனக்கு மனம் பதறியது. அங்கே ஒவ்வொரு மழைக்காலமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மூளைக்காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தடுப்பூசி போட்டார்கள், அந்த நோய் குறைந்தது, ஆனால் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. பத்து வருடங்களுக்கு முன்புதான், அப்படி வருகிற பிள்ளைகளில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு உண்ணிக்காய்ச்சல் தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகு காய்ச்சலோடு வருகிற பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே டொக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுக்கத் தொடங்கினார்கள். எட்டு வயதுக்குக் கீழே டொக்சிசைக்ளின் கொடுத்தால் பல் கறுத்துப்போகும் என்ற பயம் இங்கேயும் இருக்கிறது. குறுகிய நாளுக்குக் கொடுப்பதில் அந்த ஆபத்து இல்லை என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு, ஆனால் அதைப் பிள்ளை டொக்டரே முடிவு செய்யட்டும்.

சரி, இரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், கொழும்பில் பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு இரத்தம் அனுப்பிப் பார்ப்பார்கள். ஆனால் அது எதிர்ப்பொருளைத் தேடுகிற சோதனை, முதல் கிழமையில் இல்லை என்று வரலாம், பிறகு இரண்டாம் முறை இரத்தம் எடுத்து அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வரும் வரைக்கும் மருந்தைப் பிந்த விடக் கூடாது, சந்தேகம் வந்ததும் தொடங்குவதுதான் முறை. பெரியப்பாவின் ரிப்போர்ட் அவர் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. ஆகவே நோயாளி எங்கே போனார், என்ன வேலை செய்தார், உடம்பில் பொருக்கு உண்டா என்ற மூன்றும்தான் அந்த நேரத்தில் டொக்டரின் கையில் இருக்கிற தடயம். அதில் இரண்டு எங்களுக்குத்தான் தெரியும். டொக்டர் கேட்கவில்லை என்றால் நாங்களே சொல்ல வேண்டும். "டொக்டர், இவர் போன மாதம் பற்றை வெட்டினவர்" என்று ஒரு வசனம் போதும். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை, எங்கள் நிறத் தோலில் வந்தாலும் எளிதாகத் தெரியாது, காணவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது. தேடுகிறபோது மூடியிருக்கிற இடங்களில் தேடுங்கள்: இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்குக் கீழே, கமக்கட்டு, தலைமயிருக்குள், காதுக்குப் பின்னால். வயதான அம்மாமார் வெட்கத்தில் காட்டமாட்டார்கள். மகளோ மருமகளோ குளிக்க வார்க்கிறபோது பார்த்துவிடலாம்.

அப்புறம், காய்ச்சலோடு நரம்பு சம்பந்தமாக ஏதும் வந்தால் எல்லாமே உண்ணிக்காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. எங்கள் வயல்மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி வாழ்கிறது. இலங்கையில் அது 1927 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மழைக்குப் பிறகு கூடும், நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், அரிதாக மூளைத்தண்டுக்கும் போய்க் கை கால் வலுவிழக்கச் செய்யும். அதற்கு டொக்சிசைக்ளின் மட்டும் போதவே போதாது, ஊசி கிழமைக்கணக்கில், பிறகு குளிசை மாதக்கணக்கில். வயிற்றோட்டம் வந்து சுகமாகி ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு இரண்டு காலும் கீழிருந்து மேலாக வலுவிழந்தால் அது கிலான்-பாரே, கம்பைலோபக்டர் என்ற பற்றீரியாவை எதிர்க்க உடம்பு செய்த ஆயுதம் சொந்த நரம்பையே தாக்குவதால் வருவது, மூச்சுத் தசை வரைக்கும் ஏறலாம் என்பதால் ஒரு மணித்தியாலம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இதனால்தான் சொல்கிறேன், பார்மசியில் நீங்களாகவே டொக்சிசைக்ளின் வாங்கிப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். போக வேண்டிய இடம் வைத்தியசாலைதான்.

டொக்சிசைக்ளின் குடிக்கிறவர்களுக்கு மிஸ்ஸி சொன்ன ஒன்றிரண்டு விசயம்: நிறையத் தண்ணீரோடு, இருந்துகொண்டு விழுங்க வேண்டும், விழுங்கின கையோடு படுக்கக் கூடாது, குளிசை தொண்டைக்குழலில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்து எடுக்கக் கூடாது. வெயிலுக்குத் தோல் எரியும். காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிடும் என்பதால் நிறையப் பேர் மிச்சத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் திரும்ப வரலாம்.

பற்றை வெட்டாமல் இருக்க முடியாது, அது எங்கள் சீவியம். ஆனால் நீளக் காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போட்டு, காற்சட்டையின் அடியை மேசுக்குள் விட்டுக்கொண்டு இறங்கலாம். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த பூச்சுமருந்து பார்மசியில் கிடைக்கும், காலிலும் கையிலும் பூசலாம். புல்லில் நேரே படுக்க வேண்டாம், ஒரு படங்கை விரித்துக்கொள்ளலாம். உடுப்பைக் கழற்றிப் பற்றைமேல் போட்டுவிட்டுத் திரும்ப உடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்து, அந்த உடுப்பைக் கொதிதண்ணீரில் தோய்க்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டுகிறவர்கள் அதற்குக் கீழேயும் தேய்க்க வேண்டும்.

உண்ணிக்காய்ச்சலும் சேர்ந்த டைபஸ் வகைக் காய்ச்சல் எங்கள் நாட்டில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. வைத்தியசாலையிலிருந்து தகவல் போய், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார், எலிப்பொந்துகளைக் காட்டச் சொன்னார், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்துக் காணியையும் பார்த்துவிட்டு உரிமையாளரோடு கதைக்கச் சொன்னார். நான் கனடாவுக்கு எடுத்துச் சொன்னேன், அவருக்கும் இந்த நோயைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை, ஆள் பிடித்துத் துப்புரவாக்கக் காசு அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

பெரியப்பாவின் நடை ஒரு மாதத்துக்குள் சரியாகிவிட்டது. காது மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் பெரியம்மாவின் குரல் கேட்கத் தொடங்கியது, பிறகு போன் அடிக்கிறது கேட்டது. காது கிளினிக்கில் எடுத்த கடைசிச் சோதனையில் வலது காது கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்திருக்கிறது, இடது காதில் மெல்லிய ஒலிகள் இன்னும் குறைவு, அடுத்த கிளினிக்கில் திரும்பப் பார்ப்பார்கள். பக்கத்துக் காணியைத் தானே வெட்டித் தருகிறேன் என்று இப்போது நிற்கிறார். பெரியம்மா விடவில்லை, மூதூரிலிருந்து மெசினோடு இரண்டு பேரைப் பேசியிருக்கிறார், இருவருக்கும் நீளக் காற்சட்டையும் மேசும் இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.